எம்டி0 காணோம் என்று 18,000 ரூபாய்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நாலு டிஸ்க் போட்ட லினக்ஸ் சர்வரில் ஆறு வருஷத்துக் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. மதர்போர்டு போனதால் டிஸ்க்குகளை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். எம்டி0 (md0) என்ற ஃபைலையே காணோம், ரெய்டு, அதாவது நாலு டிஸ்க்கையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த ஏற்பாடு, உடைந்துவிட்டது என்று சொல்லி, டேட்டா ரெக்கவரிக்கு 18,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. இப்போது அது எம்டி127 என்று இருக்கிறதே என்கிறான் தம்பி மகன். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள் அண்ணாச்சி. நாலு டிஸ்க்கை முழுசாகப் படிக்கவே ஒரு மணி நேரம் போதாது, அப்புறம் எங்கே ரெக்கவரி?

எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல் இந்த விஷயத்தில்தான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தனி கார்டு இல்லாமல் லினக்ஸே நடத்துகிற சாஃப்ட்வேர் ரெய்டு இருப்பது டிஸ்க்குகளில், எம்டி0 என்ற ஃபைலில் இல்லை. இப்போது வழக்கமாகப் போடுகிற 1.2 வகையில், ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆரம்பத்திலிருந்து 4 கேபி தள்ளி, இது எந்த ரெய்டைச் சேர்ந்தது, அதன் யூயூஐடி (அதற்கு மட்டுமே உரிய அடையாள எண்) என்ன, பெயர் என்ன என்று எழுதியிருக்கும். மெஷின் கிளம்பும்போது எம்டிஆட்ம் (mdadm) என்ற புரோகிராம் அதைப் படித்து டிஸ்க்குகளைச் சேர்க்கிறது, சேர்ந்ததும் லினக்ஸின் மையமான கர்னல், டெவ் (/dev) ஃபோல்டரில் ஒரு ஃபைலை உண்டாக்குகிறது, யூடெவ் என்ற இன்னொரு புரோகிராம் அதற்கு யூயூஐடி பெயரில் ஒரு குறுக்குவழியும் போட்டு வைக்கிறது. அந்த ஃபைல் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறப்பதுதான். டிஸ்க்கில் எழுதிய பெயரில் பழைய மெஷினின் பெயரும் ஒட்டியிருக்கும். புது மெஷினின் பெயர் வேறாகி, எம்டிஆட்மின் அமைப்புகளை எழுதி வைக்கிற கான்ஃப் ஃபைலிலும் இந்த ரெய்டைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால், இது வெளியூர் ரெய்டு என்று நினைத்து 127இலிருந்து கீழ்நோக்கிக் காலியாக இருக்கிற நம்பரைக் கொடுக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ் இன்றைக்கு வேறு பிளாட்பாரத்தில் நிற்கிறது என்பதற்காக ரயிலே காணாமல் போச்சு என்று இன்னொரு டிக்கெட் பணம் கேட்பார்களா?

எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கிற எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் எம்டி0 என்று எழுதி வைத்த புண்ணியவான் யாரோ, வினை அங்கேதான் ஆரம்பம். அதை யூயூஐடியாக மாற்றச் சொல்லுங்கள், கான்ஃபில் அந்த வரியைச் சேர்த்து, உபுண்டு லினக்ஸ் என்றால், மெஷின் கிளம்பும்போது முதலில் ஏறுகிற இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. கடைக்காரரிடம் என்ன ரெக்கவரி செய்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடுங்கள், அதுவும் பலிக்காவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். பில் வாங்கினீர்களா? வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒருவர் பழைய ரெய்டு கார்டு 2,500க்குத் தருகிறார். வீட்டில் இரண்டு டிஸ்க்தான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் இப்படித்தான் 14,000 கொடுத்து ஒரு ரெய்டு பெட்டி வாங்கினேன். பெட்டி செத்தது, டிஸ்க்குகள் நல்லாத்தான் இருந்தன, ஆனால் அதே மாடல் பெட்டி இல்லாமல் படிக்க முடியவில்லை. இப்போது அதன் மேல் மணிபிளான்ட் வைத்திருக்கிறேன். லினக்ஸ் ரெய்டு என்றால் எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் எழுந்து வரும்.

கேள்வி: 2 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி மிரர் போட்டேன். மொத்தம் 2 டிபிதான் காட்டுகிறது. டூப்ளிகேட் டிஸ்க்கா? (சங்கரன்கோவில்)

பதில்: இல்லை. மிரர் என்றால் அப்படித்தான், ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும்.

கேள்வி: எம்டி0 வரவில்லை. வீடியோ ஒன்றைப் பார்த்து எம்டிஆட்மில் கிரியேட் கொடுத்தேன். எம்டி0 வந்துவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை. டிஸ்க் கம்பெனி மீது கேஸ் போடலாமா? (தென்காசி)

பதில்: கம்பெனி என்ன பாவம் செய்தது? சேர்ப்பதற்கு அசெம்பிள், புதிதாகக் கட்டுவதற்குக் கிரியேட். இந்த டிஸ்க் ஏற்கெனவே ஒரு ரெய்டில் இருப்பது போலத் தெரிகிறதே, தொடரலாமா என்று அது கேட்டிருக்கும், நீங்கள்தான் ஒய் தட்டியிருக்கிறீர்கள். சரி, போனது போகட்டும். உடனே மெஷினை அணைத்துவிடுங்கள், இனி அதில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். தெரிந்த ஆளிடம் கொடுத்து முதலில் டிஸ்க்குகளை அப்படியே நகல் எடுக்கச் சொல்லுங்கள். பழைய டிஸ்க் வரிசை நினைவிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

கேள்வி: பில் இல்லாமல் 'புது' டிஸ்க் வாங்கினேன். 31,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது.

பதில்: மூணரை வருஷம் ஓடின புது டிஸ்க். பில் இல்லாமல் ஏன் ஐயா வாங்குகிறீர்கள்? ஜிபே, வாட்ஸ்அப் ஏதாவது இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.