சைக்கிள் ஓட்டினால் சுண்டு விரல் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. சுங்கை சிப்பூட்டில் இருக்கிறேன். ஞாயிறு காலையில் நண்பர்களோடு தோட்டத்தை ஒட்டிய பூங்காவின் மேடு பள்ளப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுவேன். நீண்ட இறக்கம் இறங்கினால் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. போன வாரம் சாயங்காலம்வரை சரியாகவில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை நோய். எனக்கும் அதுதானோ? ஓட்டுவதை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம் ஐயா. எந்த விரல்கள் என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்நார் நரம்பு. அது மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்கமாக ஒரு குறுகிய சந்தில் நுழைகிறது. இறக்கத்தில் உடம்பின் பாரம் முன்னால் சாயும்போது ஹேண்டில்பார் அழுத்துவது அந்த இடத்தைத்தான். வேரும் கல்லும் தரும் அதிர்வு வேறு.

சர்க்கரையால் வரும் மரமரப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் கால்விரல்களில் தொடங்கும். ஆனாலும் சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு அழுத்தத்தைத் தாங்காது. நம்மவர்களிடம் இந்த நோய் அதிகம், அண்ணனுக்கும் இருக்கிறது. அதனால் அரசாங்க கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், மறுபடி சோதித்து உறுதி செய்வார்கள்.

அப்புறம் சைக்கிளைக் கவனியுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் பாரமெல்லாம் கைக்குத்தான் போகும்; மட்டமாக வையுங்கள். பிரேக்கைத் தொடும்போது மணிக்கட்டு பின்னால் மடங்குகிறதா? பிரேக் பிடியைச் சற்றுக் கீழே திருப்பினால் மணிக்கட்டு முழங்கையோடு ஒரே நேராக வரும். டயரில் காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். மெத்தை வைத்த கையுறை உதவும், ஆனால் அது மட்டும் போதாது. நீண்ட இறக்கத்தில் நடுவே நின்று கையை உதறிவிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் இழுக்கட்டும். கட்டைவிரல் நுனி மடங்கினால்தான் காகிதம் நிற்கிறது என்றால் தசை பலவீனமாகிவிட்டது. புறங்கையும் சுண்டு விரல் பக்கம் மரத்திருந்தால் அழுத்தம் பெரும்பாலும் முழங்கையில் இருக்கும். அப்போது சைக்கிளை மாற்றி அமைப்பதால் தீராது.

காகிதம் நழுவினாலோ, விரல்களை விரிக்க முடியாவிட்டாலோ, ஓட்டாத நாளிலும் மரப்பு இருந்தாலோ, அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிய பிறகு வந்தால், பழைய பலம் முழுதாகத் திரும்பாமலே போகலாம்.