எந்தப் பட்டறையை நம்பிக் காரை விடலாம்?

பட்டறை வேலையில் பல வருடம் இருப்பவன் என்பதால் நண்பர்கள் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுதா, செங்காங்: கார் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் வாரன்டி போய்விடுமா அண்ணே?

பயப்படாதீர்கள்மா. 2017இல் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, வெளிப் பட்டறைக்குப் போனால் வாரன்டி இல்லை என்ற நிபந்தனையைப் பெரிய டீலர்கள் எடுத்துவிட்டார்கள். வெளிப் பட்டறை செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டும் டீலர் வாரன்டியை மறுக்கலாம். ஆனாலும் உங்கள் வாரன்டி புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ், என்ன ஆயில் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ரஹீம், ஈசூன்: வருடா வருடம் ஏர்கான் கேஸ் போடுகிறேன். மெக்கானிக் நல்லவர், விலையும் குறைவு. ஆனால் சில மாதத்தில் மறுபடியும் குளிர் இல்லை.

விலை குறைவுதான், வேலை முடியவில்லையே! ஏர்கான் மூடிய குழாய்க்குள் ஓடும் அமைப்பு. பெட்ரோல் மாதிரி கேஸ் தீர்ந்துபோகாது. சில மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கேஸோடு, அதை அழுத்தும் கம்ப்ரஸரின் ஆயிலும் வெளியேறும். அப்படியே ஓட்டினால் ஒருநாள் கம்ப்ரஸரே இறுகிவிடும். கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் ஒட்டியிருக்கும், பானெட்டைத் திறந்து குழாய் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். சாயம் கலந்து, புற ஊதா விளக்கடித்துக் கசிவைத் தேடுகிறவரிடம் போங்கள். காரணத்தைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்புகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வராது.

கவிதா, பொங்கோல்: சின் மிங், காக்கி புக்கிட் என்று எங்கு பார்த்தாலும் பட்டறை. முதலில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

எடுத்த எடுப்பிலேயே கியர்பாக்ஸ் வேலையைக் கொடுக்காதீர்கள். ஆயில் மாற்றத்தோடு ஆரம்பியுங்கள். ஆயில் டப்பாவின் சீலை உங்கள் கண்முன் உடைக்கிறாரா, பழைய ஃபில்டரைக் காட்டுகிறாரா, சத்தம் வருகிறது என்று சொன்னால் உங்களோடு காரை ஓட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டவுடனே "இதை மாத்தணும்" என்பவரைவிட "முதலில் பார்க்கிறேன்" என்பவரே மேல். உங்கள் ரகக் காரை அவர் அடிக்கடி பார்க்கிறவரா என்பதும் முக்கியம்.

முருகன், ஜூரோங்: பிரேக் பேடோடு டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார். உண்மையா, ஏமாற்றா?

அளந்தால் தெரிந்துவிடும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற கணக்கு பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேட் தேய்ந்து 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் வேண்டாம்: காசு கொடுத்த பிறகும் அதே பழுது. பட்டறைக்காரர் ஃபோனை எடுப்பதில்லை.

பில், மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள். அங்கே முடியவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வக்கீல் தேவையில்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

அனிதா, தெம்பனிஸ்: விபத்து என்றாலும் நம் மெக்கானிக்கிடமே போகலாமா?

முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள். அப்புறம் பாலிசியைப் பாருங்கள். சிலவற்றில் அவர்கள் சொல்லும் பட்டறைக்குத்தான் போக வேண்டும், சிலவற்றில் உங்கள் விருப்பம்.