வீட்டுக்கு 230, மில்லுக்கு 400, வீதிக் கம்பியில் 33,000: இந்த வோல்ற்றுகளை எப்படி விளங்கிக்கொள்வது?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வயரிங் வேலைக்குப் போக நினைப்பதாகவும், வீட்டுக்கும் மில்லுக்கும் வீதிக் கம்பிக்கும் வேறு வேறு வோல்ற் சொல்லப்படுவது குழப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் பல வருடங்களாக வீட்டு வயரிங்கும் தண்ணீர் மோட்டர் இணைப்பும் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வோல்ற்றளவு என்பது ஒரு கம்பிக்குள் நிரம்பியிருக்கும் பொருள் அல்ல. அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்குவது, குளத்தின் மட்டம் வயலின் மட்டத்தைவிட உயரமாக இருப்பதால்தான். ஆகவே யாராவது "இதில் எத்தனை வோல்ற்?" என்று கேட்டால், "எதற்கும் எதற்கும் இடையில்?" என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் குழப்பத்தில் பாதி அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

வீதியில், வோல்ற்றைக் குறைத்துத் தரும் ட்ரான்ஸ்போமரிலிருந்து, கரண்டைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி ஒன்றும் வெளியே வருகின்றன. எந்த ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ற் இருக்கிறது; அதைத்தான் வீட்டுக்கு எடுக்கிறோம். இரண்டு பேஸ்களுக்கு இடையில் அளந்தால் 460 வராது. மூன்றும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காமல் ஒன்றுக்கொன்று 120 பாகை, அதாவது ஒரு சுற்றில் மூன்றிலொரு பங்கு, பிந்தி வருவதால், 230 ஐ 1.732 ஆல் பெருக்கி வரும் 398, அதாவது நாம் 400 என்று சொல்வது, வோல்ற் அளக்கும் மீற்றரில் தெரியும். மில்லுக்கு வேறொரு கரண்ட் வருவதில்லை. அதே கம்பிகளைத்தான் அங்கே வேறு விதமாகத் தொடுக்கிறார்கள்.

அப்படியானால் 33,000 எதற்கு? அது ட்ரான்ஸ்போமருக்குள் வந்து சேரும் கம்பியின் வோல்ற். 100 கே.வி.ஏ. (எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அளவு) ட்ரான்ஸ்போமர் ஒன்றின் 400 வோல்ற் பக்கத்தில் முழுச் சுமையில் ஏறத்தாழ 144 அம்பியர் கரண்ட் ஓடும்போது, 33,000 வோல்ற் பக்கத்தில் ஓடுவது 1.75 அம்பியர் மட்டுமே. கம்பி சூடாகி வீணாகும் சக்தி அம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், தூர இடங்களுக்கு வோல்ற்றைக் கூட்டி அம்பியரைக் குறைத்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் போகும் பெரிய கோபுர லைன் 132,000 வோல்ற்றில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

வன்னியில் வேலை செய்பவர் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டியது லைனின் கடைசியில் நடப்பதைத்தான். இங்கே வீடுகளும் தோட்டங்களும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. போய் வரும் கம்பிகளின் தடை மொத்தமாக 1 ஓம் என்று வைத்தால், 20 அம்பியர் ஓடும்போது 20 வோல்ற் வழியிலேயே போய்விட, 230 இல் புறப்பட்டது 210 ஆகத்தான் வந்து சேரும். இலங்கையில் அனுமதிக்கப்பட்ட எல்லை 230 இலிருந்து நூற்றுக்கு 6 கூடவோ குறையவோ, அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. வோல்ற் குறைந்தால் மோட்டர் அதே தண்ணீரை இறைப்பதற்குக் கூடுதல் அம்பியரை இழுக்கும். அதனால் கம்பியில் வோல்ற் இன்னும் இறங்கும். கடைசியில் மோட்டருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அதாவது கொயில், கருகும். பலர் மோட்டரை நிறுத்திவிட்டு அளந்து, 230 இருக்கிறது, லைனில் பிழையில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்குக் கம்பி தொடுக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

பேஸில் வைத்தால் எரியும் சிறு விளக்குள்ள திருப்புளியான டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போனபோது, பிளக் துளைகள் இரண்டிலும் டெஸ்டர் எரிந்தது. வீட்டுக்காரர் இரண்டு பேஸ் வந்துவிட்டது என்று பயந்துபோயிருந்தார். மீற்றரை இரண்டு துளைகளுக்கும் இடையில் வைத்தபோது கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டியது. நியூட்ரல் கம்பியைப் பூட்டியிருந்த இடம் துருப்பிடித்துக் கம்பி விட்டுப்போயிருந்தது. போட்டபடியே இருந்த பல்ப் வழியாகப் பேஸ் மறுபக்கக் கம்பிக்கும் வந்திருந்தது. நியூட்ரல்தானே என்று அந்தக் கம்பியைப் பிடித்திருந்தால் அடித்திருக்கும். மூன்று பேஸ் வீடென்றால் இதைவிட மோசம்: நியூட்ரல் அறுந்ததும் சுமை குறைந்த பேஸில் வோல்ற் 400 ஐ நோக்கி ஏற, அதில் இருக்கும் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் எரிந்துபோகும்.

ஜெனரேற்றரைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். யுத்த காலத்தில் லைனே இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. கரண்ட் நின்றால் உடனே வேறு வழி தேடும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேற்றருக்கு மாற்றும் மாற்று ஆளி இல்லாமல் ஜெனரேற்றரை வீட்டு வயரிங்கில் கொடுத்தால், அந்த 230 வோல்ற் பின்பக்கமாக ட்ரான்ஸ்போமருக்குள் போய், மறுபக்கத்தில் பல்லாயிரம் வோல்ற்றாக ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்பவரின் உயிர் அதில் போகும். அப்படித் தொடுத்துத் தரும்படி எவர் கேட்டாலும், சொந்தக்காரராக இருந்தாலும், செய்யாதீர்கள்.

33,000 வோல்ற் கம்பிகள் பெரும்பாலும் உறையில்லாதவை. தொடாமலேயே, கிட்டப் போனாலே பாயும். குழாய்க்கிணற்றுக் குழாயை நிமிர்த்தி வெளியே இழுக்கும்போது மேலே பார்க்காமல் இழுக்கக் கூடாது.

படிப்பதற்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. எங்கே படித்தாலும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழில் நான்காம் மட்டத்தையாவது எடுங்கள். மூன்றோடு நிறுத்துபவர்களுக்கு மேலே போகும் வழி குறுகிவிடுகிறது.

பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவாருங்கள். மீற்றரை முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான இடத்தில் வைத்து அது வேலை செய்வதைப் பாருங்கள். பிறகு நீங்கள் தொடப்போகும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் ஏர்த்துக்கும் (நிலத்தோடு தொடுத்த கம்பி), நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளந்து பாருங்கள். பிறகு மீண்டும் முதல் இடத்துக்குப் போய் மீற்றர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே திருப்புளியை எடுங்கள்.