சரண்டருக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

கேள்வி: காசோலை வழக்கில் என் கணவருக்கு 6 மாத மெய்க்காவல் (சாதாரணச் சிறை). செஷன்ஸ் கோர்ட்டிலும் அப்பீல் தள்ளுபடி. சீக்கிரம் சரண்டர் ஆகச் சொல்கிறார் வக்கீல். கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். என்னென்ன தயார் செய்ய வேண்டும்? – ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: சகோதரி, பணம் புரட்ட வழியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். அப்பீல் தோற்ற பிறகும் எதிர்த்தரப்போடு சமரசமாக முடிக்க மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147ஆம் பிரிவு இடம் தருகிறது. ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போட 90 நாள் உண்டு. ஆனால் மனு போட்டதாலேயே தண்டனை நிற்காது. நிறுத்திவைக்கத் தனி உத்தரவு வேண்டும்.

போவதுதான் முடிவென்றால், அன்று கோர்ட் கொடுக்கும் தண்டனை வாரண்ட்தான் எல்லாம். சிறையில் விடுதலைத் தேதியை அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். இதே வழக்கில் வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்டில் பிடிபட்டு ரிமாண்டில் இருந்திருக்கிறாரா? 9 நாள் இருந்திருந்தால் அந்த 9 நாளும் 6 மாதத்தில் கழியும்; முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 468. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வாரண்டில் எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போனால், வக்கீல் கோர்ட்டுக்கு அலைந்து திருத்தம் வாங்குவதற்குள் அந்த நாட்களே ஓடிவிடும். பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாவற்றையும் வேனில் ஏற்றும் முன்பே வக்கீல் படித்துப் பார்க்கட்டும்.

வேறு காசோலைக்கு வேறு கோர்ட்டில் பிடிவாரண்ட் நிலுவையில் இருந்தால், விடுதலையாகும் நேரத்தில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்தக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) வந்து நிற்கும். இப்போதே அவர் அங்கே ஆஜராகிப் பிடிவாரண்டை ரீகால் செய்ய (திரும்பப் பெற) வையுங்கள். அங்கும் தண்டனை என்றால், இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்க உத்தரவு கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது தொடங்கும்.

தீர்ப்பில் அபராதம் இருந்தால் கட்டி, ரசீது நகலைச் சிறைக்கும் சேர்த்துவிடுங்கள். இல்லையேல் அதற்கான கூடுதல் சிறை தொடரும். இழப்பீடு அப்படியல்ல: அதற்காக உள்ளே இருந்து கழித்தாலும் பாக்கி பாக்கிதான்.

அடுத்து சர்க்கரை. உள்ளே இரவுச் சாப்பாட்டைச் சாயங்காலமே கொடுத்து அடைத்துவிடுவார்கள். மறுநாள் காலைவரை வயிறு காலி. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை வீட்டில் போடுவது போல ராத்திரி போட்டால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கலாம். எந்த வேளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் இப்போதே மாற்றி எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை, அட்டையோடு மாத்திரை மூன்றும் கையில் இருக்கட்டும். உதிரி மாத்திரையை உள்ளே விடமாட்டார்கள். சேர்க்கும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும்தான்; திடீரென்று நின்றால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்புகூட வரலாம். சரண்டருக்குத் திங்கள், செவ்வாயைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை போனால் எந்தச் சிக்கலுக்கும் திங்கள்வரை கோர்ட் கிடையாது.

மோதிரம், வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும். உள்ளே ரொக்கம் கூடாது, பி.சி.பி. கணக்கில் (சிறையில் கைதி பெயரில் இருக்கும் பணக் கணக்கு) நீங்கள் கட்டும் பணத்தில்தான் கேன்டீனில் சோப்பு, பிஸ்கட். மனு பார்க்க (சிறையில் அவரைச் சந்திக்க) போகும்போது உங்கள் ஆதாரை மறக்காதீர்கள்.

வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டாம், பட்டது போதும். பாங்க் கணக்கில் உங்களையும் கூட்டாகச் சேர்த்து, ஓ.டி.பி. வரும் எண்ணை உங்களுடையதாக மாற்றுங்கள். அதற்கு அவரே பாங்குக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.