கல்லூரி பீரோவுக்குள் மாட்டிக்கொண்ட ஒரிஜினல்கள்

கேள்வி: பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், மெக்கானிக்கல் துறையில் இரண்டு வருடமாகத் தற்காலிக உதவிப் பேராசிரியர். தொகுப்பூதியம் 22,000. சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் கோவை வளாகத்தில் டீச்சிங் ஃபெலோ வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. ஒரிஜினல் காட்ட வேண்டும். கேட்டால், "மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அவர்களே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறார்கள். என்ன செய்வதுங்க சார்?

பதில்: அம்மணி, வேலையை விடும் முன் தர வேண்டிய நோட்டீஸ் பற்றிய தகராறு வேறு, சான்றிதழ் வேறு. நீங்கள் ஒப்பந்தத்தை மீறியதாகவே வைத்துக்கொண்டாலும், கல்லூரி இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். சான்றிதழை அடகு நகைபோல் வைத்துக்கொள்ள முடியாது. ஃபீஸ் தராத கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல்கூடப் பிடித்து வைக்கக் கூடாது, அது விற்கக்கூடிய சரக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. வக்கீல்களான எங்களுக்கே இல்லாத உரிமை உங்கள் தாளாளருக்கு எங்கிருந்து வரும்?

மூன்று மாதச் சம்பளம் உங்கள் நியமன ஆணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வெற்றுக் காகிதம் என்று சொல்ல மாட்டேன். 2025-ல் விஜயா வங்கி வழக்கில் குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் 2 லட்ச ரூபாய் தர வேண்டும் என்ற பாண்ட் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். சரி, முழுசாகவே வைத்துக்கொள்வோம்: அவர்கள் கேட்பது 66,000, உங்களுக்குத் தர வேண்டியது 44,000. மொத்தச் சண்டையே 22,000 ரூபாய்க்குத்தான். இந்தக் கணக்கைக் கடிதத்தில் எழுதினாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

கடிதம் என்றால் ஸ்பீட் போஸ்டும் இமெயிலும். முதல்வரிடம் வராந்தாவில் சொன்னதெல்லாம் சாட்சிக்கு நிற்காது. ராஜினாமா தேதி, சான்றிதழ்களின் பட்டியல், சம்பள பாக்கி மூன்றும் அதில் இருக்கட்டும். அப்புறம், அந்தத் தேதிக்குப் பிறகு ஆசிரியர் பட்டியலில் என் பெயரைக் காட்டக் கூடாது என்றும் ஒரு வரி. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ கணக்குக் கேட்கிறது. அந்தக் கணக்கை நிரப்ப, ஒரே ஆசிரியர் பல கல்லூரிப் பட்டியல்களில் இருப்பதாக 2024-ல் எழுந்த புகார் நினைவிருக்கும். நகல் ஒன்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் போகட்டும்.

ஒரு வாரத்தில் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு குறித்தவகை நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 7-ஆம் பிரிவில் சான்றிதழை மீட்க சிவில் வழக்கு. தொழிலாளர் நீதிமன்றம் வேண்டாம். ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்பது 1988-லிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சம்பள பாக்கிக்கும் சிவில் கோர்ட்தான், மூன்று வருடத்துக்குள். அதற்குள் கோவையில் நேர்காணல் வந்தால், கடிதத்தின் நகலைக் காட்டி அவகாசம் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்று போலீசில் பொய்ப் புகார் கொடுத்து டூப்ளிகேட் வாங்கும் யோசனையை யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

போகிற வேலையும் தற்காலிகம்தான். 2006-ன் உமாதேவி தீர்ப்புக்குப் பிறகு, வருடங்கள் ஓடியதாலேயே நிரந்தரம் கேட்க முடியாது. ஆனால் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தரமானவர்களின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைத் தர 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் அங்கே தரும் ஒவ்வொரு ஆணையையும் பத்திரமாக வையுங்கள்.

சான்றிதழைத் திருப்பித் தரும் அன்று ஒரு தாளை நீட்டுவார்கள். 'சம்பளம் முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால், பாக்கி 44,000 என்று கையால் எழுதிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.