கேள்வி-பதில்: கருப்பட்டி, பாகு வாங்குமுன்

பதநீர்க் காலம் என்பதால் இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை கருப்பட்டியையும் பாகையும் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

இணையத்தில் 'உடன்குடி அசல் கருப்பட்டி' கிலோ 180 ரூபாய் என்று பார்த்து இரண்டு கிலோ வாங்கினேன். காபியில் போட்டால் வெறும் சீனி இனிப்பு. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, விருதுநகர்

முதலில் கணக்கைப் போடுங்கள் அம்மா, மற்ற சோதனையெல்லாம் அப்புறம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். பதநீர் லிட்டர் 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பதநீருக்கு மட்டுமே 320 முதல் 400 ரூபாய் ஆகிவிடுகிறது. விறகும் காய்ச்சும் கூலியும் இன்னும் சேரவில்லை. அப்படியிருக்க 180 ரூபாய்க்கு எவரால் கொடுக்க முடியும்? சீனியைக் கரைத்து ஊற்றியவரால்தான் முடியும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட ஆதங்கம் உண்டு. பனையேறி காலையிலும் மாலையிலும் ஏறி, பாளையை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வடிகட்டி, விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசை) அகலமான பாத்திரத்தில் ஊற்றி, பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்கள் காய்ச்சுகிறார்கள். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் நுரை அடங்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்து, சிரட்டையில் வார்ப்பார்கள். சற்று முன்னால் இறக்கினால் பாகு, நின்று காய்ச்சினால் கருப்பட்டி. ஒரு நிமிடம் தவறினால் கருகிவிடும், அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு. இவ்வளவும் செய்தவர் 400 ரூபாய் சொன்னால் பேரம் பேசுகிறோம். சீனி கலந்தவர் பாதி விலை சொன்னதும் இரண்டு கிலோ வாங்குகிறோம். இப்படியே போனால் பனை ஏற ஆள் இருக்காது.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டவர்களும் அந்தப் பெயரை ஒட்டி விற்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் குறியீடு. தயாரித்தவரின் முகவரியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் உறையில் இருக்கின்றனவா பாருங்கள்.

வீட்டுச் சோதனைகளை நான் நம்புவதில்லை. கலப்படக்காரர்கள் பதநீரோடு சீனியைச் சேர்த்தே காய்ச்சுவதால் நிறமும் வாசமும் ஓரளவு வந்துவிடுகின்றன. உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பதுதான் பரவாயில்லாத வழி: லேசான கரிப்பும் புகை வாசமும் தெரிய வேண்டும். அதையும் அடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஓலைப்பெட்டியோடு நான் வாங்கியதில் மேல் வட்டு இரண்டும் நல்ல கருப்பட்டி, அடியில் இருந்ததெல்லாம் சீனிப்பாகு.

சென்ற கார்த்திகையில் சென்னைச் சாலையோரம் பதநீர் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அசலா?
– வாசகர், தாம்பரம்

கார்த்திகை பதநீர்க் காலமே இல்லை. நீங்கள் குடித்தது இனிப்புத் தண்ணீர்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பனம்பாகு சர்க்கரையை ஏற்றாது என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கோவை

ஏற்றும். சீனியில் இருக்கும் சுக்ரோஸ்தான் பனம்பாகிலும் பெரும்பகுதி. நோயாளியிடம் பொய் சொல்லி விற்கிறவர் கடையில் வேறு எதையும்கூட வாங்காதீர்கள். அப்பாவின் சாப்பாட்டை மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் கருப்பட்டி மிட்டாய் செய்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறேன். மொத்த வியாபாரி ஒருவரிடம் 50 கிலோ வாங்கினேன், முழுக்கக் கலப்படம். வாடிக்கையாளர்கள் மிட்டாயைத் திருப்பித் தந்துவிட்டார்கள். 'நீ வியாபாரி, நுகர்வோர் இல்லை, உன்னால் கேஸ் போட முடியாது' என்கிறார்.
– வாசகி, அருப்புக்கோட்டை

அவர் உங்களை மிரட்டுகிறார் அம்மா, பயப்படாதீர்கள். வியாபாரத்துக்கு வாங்குகிறவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரிதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குகிறவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அடுப்பில் நின்று நீங்களே கிண்டி விற்கிறீர்கள், நீங்கள் அந்த வகைதான். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழிமுறை புரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

மீதமுள்ள கருப்பட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், பில்லும் பத்திரம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் அவரே அந்த வியாபாரியிடம் போய் மாதிரி எடுக்கலாம். இனி பெரிய அளவில் வாங்கும்போது, ஆய்வுக்கு அனுப்பப்போகிறேன் என்று விற்பவரிடம் அப்போதே சொல்லிவிட்டு வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. குறை நிரூபணமானால் ஆய்வுக்குக் கட்டிய பணமும் திரும்ப வரும். நீங்கள் சொன்ன கணமே முகம் மாறுகிற வியாபாரியை விட்டு விலகிவிடுங்கள்.

இங்கே மேப்பிள் பாகு காய்ச்சும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். வாளியும் விறகும் பார்க்கலாம் என்று போனால் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாயும் மெஷினும்தான். இதற்கா இவ்வளவு விலை?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

விலை நியாயமானதுதான். மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான், நம் பதநீரைவிட மிகக் குறைவு. ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் சாறு வேண்டியிருக்கிறது. இரவில் உறைபனி, பகலில் வெயில் என்று இருக்கும் சில வாரங்களில்தான் அதுவும் வடியும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே முதற்குடிகள் இதைச் செய்தார்கள். பிறகு வாளி கட்டி, விறகு எரித்தார்கள்.

இப்போது குழாய் வழியே சாறு நேராகக் கொட்டிலுக்கு வருகிறது. நம் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பான் மாதிரிதான் அந்த மெஷினும். வீட்டில் வடிந்து வரும் தண்ணீர் வேண்டும், அங்கே வடியாமல் தங்கும் சர்க்கரைதான் வேண்டும். தண்ணீரில் பெரும்பகுதியை அப்படி எடுத்துவிட்டால் எரிபொருள் வெகுவாக மிச்சம். ஆனால் நிறமும் மணமும் கொதிக்கும்போதுதான் வருகின்றன, அதனால் கடைசியில் அடுப்பில் வைத்தே ஆக வேண்டும். சர்க்கரைச் செறிவு 66 சதவீதத்தைத் தொட்டால்தான் பாகு. இது கலப்படம் இல்லை, நல்ல முறை. அடர்நிறப் பாகு மட்டம் என்று எண்ண வேண்டாம், பருவக் கடைசியில் இறக்கியதாக இருக்கும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

தென்னம்பாகு பாட்டிலில் 'சுண்ணாம்பு சேர்க்காதது' என்று போட்டுக் கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். ஏமாற்றா?
– வாசகர், பொள்ளாச்சி

ஏமாற்று என்று சொல்ல முடியாது. பாளையில் பனிக்கட்டி வைத்த பெட்டியைக் கட்டி, குளிர்ச்சியிலேயே சாறு புளிக்காமல் இறக்கும் முறையைக் காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்திருக்கிறது. பனிக்கட்டிக்கும் பெட்டிக்கும் செலவு உண்டு. சேர்பொருள் பட்டியலில் தென்னஞ்சாறு தவிர வேறு ஏதாவது இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பனங்கற்கண்டில் நூல் இருந்தால் அசல்தானே?
– வாசகி, சேலம்

இல்லை. கரும்புச் சீனிக் கற்கண்டையும் நூலில்தான் கட்டுகிறார்கள்.

சந்தையில் ஒருவரிடம் 5 கிலோ வாங்கினேன். பில் இல்லை, பேர் தெரியாது, கடையும் கிடையாது. சரக்கு மோசம். பணத்தைத் திரும்ப வாங்கித் தர முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

முடியாது. யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால், போன கணக்கின் பேராவது இருக்கும். அதை வைத்து 1915-இல் கேட்டுப் பாருங்கள். ரொக்கம் என்றால் அடுத்த சந்தையன்று ஆளைத் தேடிப் போவதுதான் வழி.

போன மழைக்குக் கருப்பட்டி கசிந்து பிசுபிசுத்துவிட்டது. போலியா?
– வாசகி, நாகர்கோவில்

கசிந்ததை வைத்துப் போலி என்று சொல்லாதீர்கள், நல்ல கருப்பட்டியும் ஈரம் இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அடுப்படிப் பரணில் வையுங்கள். கசிந்ததைக் கொதிக்கவைத்து வடிகட்டிப் பாகாகப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள், சுரண்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம்.