மதுரையில் வீட்டு முற்றத்தில் 10 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் கோய் மீன் (வண்ணக் கெண்டை) குளம் கட்டப் போகிறேன். தண்ணீர் சுழற்சிக்கு எந்த மோட்டார் வாங்கலாம், வடிகால் எப்படி வைக்கலாம்?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் தோட்டமும் மீன்குளமும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். நீங்கள் சொன்ன அளவு 10 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம். ஏறக்குறைய 9,000 லிட்டர் பிடிக்கும். மோட்டாரை அப்புறம் பார்க்கலாம், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கு அடியில் போகிற பைப்பை மாற்ற முடியாது. கொத்தனார் வருவதற்கு முன்பே வடிகாலை முடிவு செய்துவிடுங்கள்.

கோய் நிறையத் தின்னும், நிறையக் கழியும். கழிவு தரையில் படிந்து அழுகும், தண்ணீரில் அம்மோனியா ஏறும். நம் பக்கத்தில் பலரும் குளத்துக்குள்ளேயே ஒரு சப்மெர்சிபிள் பம்பைப் போட்டு நீரூற்று வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பம்பு அந்தக் கழிவை அரைத்துக் கரைத்துவிடும், கரைந்ததை ஃபில்டரால் பிடிக்க முடியாது. அரைபடாமல் முழுசாக வெளியே கொண்டுவருவதுதான் முக்கியம்.

அதற்குக் குளத்தின் நடுவில் அடி வடிகால் வேண்டும். தரை நாலாபக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிய வேண்டும், மூலைகளை வளைத்துப் பூச வேண்டும். அங்கிருந்து 110 மி.மீ. பிவிசி பைப், அதாவது 4 இஞ்ச் பைப், வெளியே உள்ள படிவு அறைக்குப் போகும். கழிவு அங்கே தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் ஃபில்டர் அறைக்குப் போய், கடைசியில் பம்பு வழியாகக் குளத்துக்குத் திரும்பும். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் தண்ணீரைத் திறந்துவிட இருக்கும் பழைய மதகான குமிழித் தூம்பிலும் இதே அறிவு இருக்கிறது: மேலே நீரோடித் துளை, அடியில் வண்டல் போகச் சேறோடித் துளை. அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த அமைப்பில் குளத்திலும் அறைகளிலும் தண்ணீர் மட்டம் ஒன்றாகவே இருக்கும். ஆகவே அறைச் சுவர்கள் குளத்தின் நிறைமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் வழிந்துவிடும். அதைவிடப் பெரிய கேள்வி, படிவு அறையின் அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் வெளியேற இன்னும் தாழ்வான இடம் உங்கள் மனையில் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் முழு ஆழத்தையும் தோண்டாதீர்கள். பாதி தரைக்குக் கீழே, பாதி சுவராக மேலே என்று கட்டுங்கள். உட்கார்ந்து இரை போடவும் அந்தச் சுவர் வசதி. குளத்துக்கும் அறைக்கும் நடுவில் ஒரு வால்வு வைத்துவிட்டால், அதை மூடி அறையை மட்டும் காலி செய்து கழுவலாம். வாரம் ஒருமுறை போதும். அந்தத் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம்.

பம்பிலிருந்து குளத்துக்குத் திரும்பி வரும் பைப்பை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே சுழல் திசையில் சாய்த்து வையுங்கள். தண்ணீர் மெதுவாகச் சுற்றிக் கழிவை நடுவுக்குத் தள்ளும்.

சரி, மோட்டார். மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சுற்ற வேண்டும். அப்படியானால் மணிக்கு 4,500 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் தூக்கும் உயரமே இல்லாதபோது கிடைப்பது, அதனால் 6,000 லிட்டர் என்று எழுதியதை வாங்குங்கள். 24 மணி நேரமும் ஓட வேண்டியது, ஆகவே வாட்ஸ் குறைவாக இருக்கட்டும். 80 வாட்ஸ் பம்பு இரண்டு மாத பில்லில் சுமார் 115 யூனிட் சேர்க்கும்.

மதுரை வெயிலை மறக்கவே கூடாது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.5தான். சித்திரை மாத இரவில் கரண்ட் போனால் மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்துவிடும். தனியாக ஒரு சின்ன ஏர் பம்பு வாங்கி இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். இதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு நிறைமட்டத்தில் வலை போட்ட ஒரு வழிவுக் குழாயும் வேண்டும், இல்லாவிட்டால் மீன் வாசலுக்கு வந்துவிடும்.

உங்கள் மனையிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடம் முற்றத்தைவிட எவ்வளவு தாழ்வு என்று தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்து அளந்து எழுதுங்கள். படிவு அறையை எந்த ஆழத்தில் வைக்கலாம் என்று சொல்கிறேன்.